கூம்பொலிபெருக்கியும் யாழ்ப்பாணத்துச் செவியும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், கூத்தர் சுமந்து செல்லும் இசைக்கருவிகளைத் தொகுத்துக் கூறுமிடத்துக் கோட்டினையும் தூம்பினையும் குறிப்பிடுகின்றது. கோடு என்பது கொம்பு. தூம்போ யானையின் நெட்டுயிர்ப்புப் போல ஒலிப்பதாகச் சொல்லப்பட்ட குழற்கருவி. கொம்பு இயல்பாகவே ஒருபுறஞ் சிறுத்து மறுபுறம் அகன்றது. சிறுவாயில் ஊதிய காற்று பெருவாயில் வெளிப்படும்போது ஒலி பன்மடங்கு ஓங்கி நிற்பதைப் பண்டையோர் கண்டனர், காரணத்தை அறிந்தாரல்லர். சங்கு, எக்காளம், நாதசுரம் ஆகியனவும் இவ்வுருவத்தின் பயனையே கொண்டன. நாதசுரத்தின் அடியிற் பொருத்தப்படும் அணசு வெறும் அலங்காரமன்று. அஃது உலவினுள் எழுந்த நாதத்தைப் புறக்காற்றோடு இணைத்துவிடும் வாயிலாகும்.

இவ்வுருவமே பிற்காலத்திற் கிராமபோனின் குழலாயிற்று. பின்னர்ப் படமாளிகைத் திரையின் பின்னும் கோயில் வீதித் தென்னையின் உச்சியிலும் ஏறி ஒலிபெருக்கியாயிற்று. யாழ்ப்பாணத்து மக்களின் இசையுணர்வை மூன்று தலைமுறைகளாக உருவாக்கியோர் யாவரெனக் கேட்பின், நாதசுர வித்துவான்களையும் தவில் வித்துவான்களையும் வானொலியையும் பலரும் கூறுவர். இவர்கள் எல்லாருடைய இசையையும் செவிக்குக் கொண்டுவந்து சேர்த்த கூம்பினைப் பற்றிக் கூறுவார் அரியர். அக்கூம்பு எதனைக் கொடுத்தது, எதனைக் கொடாது தன்னிடமே தடுத்து வைத்தது என்பது இசை வரலாற்றில் ஆராயத்தக்கதொரு வினா.

கூம்பின் தொழிலை விளக்கக் குடாநாட்டுத் தோட்டக் கிணற்றுத் துலாவினை உவமையாகக் கொள்ளலாம். துலா மனிதனின் வலுவைப் பெருக்குவதில்லை; அவனுடைய உடற்பாரத்தை நீரின் பாரத்தோடு பொருத்தி வைக்கின்றது. கூம்பும் அத்தகையதே. சிறிய மென்றகடொன்று காற்றில் அதிரும்போது காற்று அதற்குப் பிடிகொடாது நழுவிவிடும். தகட்டின் உழைப்பிற் பெரும்பகுதி வீணாகும். அத்தகட்டின் முன்னே ஒடுங்கிய கழுத்தொன்றை வைத்து, அக்கழுத்தைப் படிப்படியாக விரித்துக்கொண்டு சென்றால், கழுத்திலுள்ள காற்று அமுக்கமுற்றுத் தகட்டுக்கு எதிர்நின்று உழைப்பை ஏற்கும். ஏற்றதனை விரிந்த வாயின் வழியே வெளிக்குக் கையளிக்கும். கூம்பில்லாத சாதாரண ஒலிபெருக்கி தான் பெறும் மின்வலுவில் நூற்றிலொரு பங்கையே பெரும்பாலும் ஒலியாக்கும். நன்கமைந்த கூம்பு பத்திலொரு பங்கையும் அதற்கு மேலும் ஒலியாக்க வல்லது.

தோமஸ் எடிசன் 1877ஆம் ஆண்டிற் போனோகிராபை அமைத்தார். எமில் பேர்லினர் 1887இல் தட்டைச் சுழற்றும் கிராமபோனை அமைத்தார். இரண்டிலும் மின்சாரம் இல்லை. பாடுவோர் கூம்பொன்றின் பெருவாயினுட் பாட, அதன் சிறுவாயிலிருந்த தகடு அதிர்ந்து ஊசியை அசைத்தது. கேட்போர் மற்றொரு கூம்பின் பெருவாயிலிருந்து கேட்டனர். ஆகவே பழைய இசைத்தட்டு ஒவ்வொன்றும் இருமுறை கூம்பினூடே நுழைந்து வந்ததாகும். பிரெட் கைஸ்பேர்க் 1902இற் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் பாடல்களைப் பதிவு செய்ததும் இம்முறையிலேயே. கூம்பு ஏற்றுக்கொண்ட குரலே தட்டில் ஏறியது. கூம்புக்கு ஒவ்வாத வாத்தியம் பதிவுகூடத்தின் வாயிலிலேயே நின்றுவிட்டது. ஓங்கிய குரலும் நாடக மேடையின் தொண்டையும் உடையோர் அக்காலத்து இசைத்தட்டில் முதன்மை பெற்றமைக்கு இரசனை மாத்திரம் காரணமன்று. இயந்திரமும் ஒரு காரணம்.

அக்காலத்துக் கிராமபோன் செல்வர் மனைக்குரிய பொருள். விறாந்தையில் மேசைமேல் வைக்கப்பெற்று, ஊமத்தம்பூப் போல விரிந்த குழலோடு விளங்கிய அப்பெட்டி, நாய்மார்க் இசைத்தட்டோடு தமிழர் வீடுகளிற் புகுந்தது. வீட்டினுட் கூம்பொலி கேட்கும் வழக்கம் அங்கே தொடங்குகின்றது. சாவி கொடுத்துச் சுழற்றிய வில்லொன்றைத் தவிர அதற்கு வேறு வலுவில்லை. ஊசியின் நுண்ணிய அசைவொன்றே அறை நிறைந்த ஒலியாயிற்று என்பதைச் சிந்திப்பின், கூம்பின் பெருமை எளிதில் விளங்கும்.

ஆயினும் அந்நாள்வரை கூம்பு செய்தவர்கள் கண்ணளவாலும் செவியளவாலுமே செய்தனர். எவ்வளவு நீளம், எவ்வளவு விரிவு, வாய் எவ்வளவு பெரிது என்பவற்றுக்கு விதி இல்லை. ஆதர் கோடன் வெப்ஸ்ரர் என்னும் அமெரிக்கப் பௌதிகப் பேராசிரியர் 1919இல் வெளியிட்ட ஆய்வுரை கூம்பினைக் கணிதத்தின் எல்லைக்குட் கொண்டுவந்தது. ஹன்னா, சிலேப்பியன் ஆகிய இருவர் 1924இல் அதனை ஒலிபெருக்கிக்குப் பொருத்திக் காட்டினர். இவர்களாற் பெறப்பட்ட முடிபு சுருங்கச் சொல்லின் இதுவே: கூம்பின் குறுக்குப் பரப்பு சமதூரந்தோறும் சமமடங்கு பெருகவேண்டும்; எத்துணை மெதுவாகப் பெருகுகின்றதோ அத்துணை தாழ்ந்த சுரம் வரை அது ஒலிக்கும்; அந்த எல்லைக்குக் கீழே கூம்பு ஒலியை ஏற்காது. வாயின் சுற்றளவும் அவ்வெல்லைச் சுரத்தின் அலைநீளத்துக்குக் குறையாதிருத்தல் நன்று.

இவ்விதியை யாழ்ப்பாணத்துக் காற்றிற் கணக்கிட்டுப் பார்ப்போம். வெப்பநிலை 30 பாகையாக உள்ளபோது ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 349 மீற்றர் செல்லும். ஒவ்வோர் அடிக்கும் பரப்பு இரட்டிக்கும் கூம்பொன்றைச் செய்தால் அதன் எல்லை செக்கனுக்கு 63 அதிர்வாகும். அச்சுரத்தின் அலைநீளம் ஐந்தரை மீற்றர். ஆகவே வாயின் விட்டம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மீற்றர் இருத்தல் வேண்டும். ஓரங்குல விட்டமுள்ள கழுத்திலிருந்து அவ்வாயை அடைவதற்குப் பரப்புப் பன்னிரண்டு முறைக்குச் சற்று மேலாக இரட்டிக்கவேண்டும். அஃதாவது கூம்பு பன்னிரண்டே கால் அடி நீளமாகும். வீட்டு வாயிலால் உட்புகாத உருவம்! வீட்டிற் கூம்பு வைக்க விரும்பியோர் எல்லாரும் முட்டி நின்ற சுவர் இதுவேயாம்.

இச்சுவரைப் பொருட்படுத்தாத ஒருவரும் இருந்தார். இலண்டன் விஞ்ஞான நூதனசாலையின் உத்தியோகத்தரான ரொடெரிக் டென்மன், 1920களின் இறுதியில் 27 அடி நீளமும், வாயில் ஏழடிக்குச் சற்று மேற்பட்ட சதுரமும் உடைய கூம்பொன்றை அங்கே அமைப்பித்தார். செக்கனுக்கு 32 அதிர்வு வரை இறங்க வல்ல அக்கூம்பு, வானொலி நிகழ்ச்சிகளைப் பொதுமக்கள் கேட்டு மகிழ 1930களில் இயங்கியது. பின்னர் 1949இற் கட்டிட வேலையின்போது அழிந்தது. எஞ்சியது ஒன்பதடித் துண்டு மாத்திரமே. அத்துண்டைக் கொண்டு 2014இல் முழுக்கூம்பும் மீண்டும் அமைக்கப்பெற்று மக்கள் கேட்கும்படி வைக்கப்பட்டது. கல்வெட்டையும் ஏட்டையும் காப்பது போலக் கேட்கும் முறையொன்றையும் காத்தல் கூடும் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

கூம்பின் வரலாற்றில் 1925ஆம் ஆண்டு விந்தையானது. அவ்வாண்டிலேதான் வெப்ஸ்ரரின் கணிதத்தைத் தழுவி, பெட்டியினுள் மடித்து வைத்த கூம்புடைய 'ஒர்தபோனிக்' கிராமபோன் அமெரிக்காவில் வெளிவந்தது. வீட்டுக் கூம்பு தன் நிறைவை எய்தியது. அதே ஆண்டில் றைஸ், கெலொக் என்னும் இருவர் கூம்பே வேண்டாத, கடதாசிக் கூடுடைய ஒலிபெருக்கியை வெளியிட்டு வீட்டுக் கூம்புக்கு முடிவு கட்டினர். அவ்வாண்டு டிசெம்பர் 16ஆந் தேதி கொழும்பு வானொலி முறையாகத் தன் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. அதற்கு இரண்டாண்டு முன்னரே தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர், ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றிலிருந்து கைப்பற்றிய கருவிகளைக் கொண்டு கிராமபோன் இசையைப் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பியிருந்தார். தொடக்க கால வானொலிப் பெட்டிகள் பலவற்றின்மேல் அன்னத்தின் கழுத்துப் போல வளைந்த சிறு கூம்பொன்று நிற்கும். பத்தாண்டு செல்வதற்குள் அக்கூம்புகள் மறைந்தன. மின்வலு மலிந்தமையால் திறன் குறைந்த கருவியும் போதுமானதாயிற்று. வீடு சிறிய பெட்டியையே விரும்பிற்று.

வீட்டை இழந்த கூம்பு வெளியைப் பெற்றது. டென்மார்க்கிற் பிறந்த பீற்றர் ஜென்சனும் அவருடைய தோழர் எட்வின் பிரிதமும் 1915இற் கலிபோர்னியாவிற் கிராமபோன் குழலொன்றைத் தம் மின்கருவியோடு இணைத்து, பேச்சையும் இசையையும் திறந்த வெளியில் ஆயிரக்கணக்கானோர் கேட்கச் செய்தனர். அமெரிக்க சனாதிபதி வில்சன் 1919இற் சான் டியேகோ நகரில் ஐம்பதினாயிரம் பேருக்குக் குறையாத கூட்டத்தின் முன் கண்ணாடிக் கூடமொன்றினுள் நின்று பேசியபோது, அக்கருவியே அவர் குரலைச் சுமந்தது. இந்தியாவிற் காங்கிரஸ் மகாசபையின் 1931ஆம் ஆண்டுக் கராச்சி மாநாட்டில் 'சிக்காகோ றேடியோ' நிறுவனத்தின் ஒலிபெருக்கிகள் முழங்கின. காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தது அதற்கு நான்காண்டு முன்னர், 1927 நவம்பரில். இவ்விரு ஆண்டுகளுக்குமிடையே இந்திய அரசியற் கூட்டத்தின் இயல்பே மாறிற்று எனலாம். மெல்லிய குரலுடைய தலைவரும் இலட்சம் பேரோடு பேசக்கூடிய காலம் பிறந்தது. மேடைப் பேச்சிலே தொண்டை வலிமைக்கிருந்த தனியாட்சி அன்றோடு ஒழிந்ததாயினும், தொண்டை வலிமையைக் காட்டும் ஆசை நம் மேடைகளை விட்டு இன்னும் ஒழிந்தபாடில்லை.

படமாளிகையும் கூம்பையே நாடிற்று. வெஸ்ரேண் எலக்ரிக் நிறுவனத்தார் 1926இற் பேசும்படத்துக்கென அமைத்த '555' என்னும் ஒலிக்கருவி, பெற்ற மின்வலுவிற் கால்பங்குக்கு மேல் ஒலியாக்க வல்லது என மதிக்கப்பட்டது. முதற் தமிழ்ப் பேசும்படமாகிய 'காளிதாஸ்' 1931 ஒக்டோபரில் வெளிவந்தது. யாழ்ப்பாண நகரின் வெலிங்டன், றீகல், வின்சர், மனோகரா முதலிய படமாளிகைகள் வழியாகவும் பேசும்படப் பாட்டு மக்களிடையே பரவிற்று. அந்நாளில் ஒரு மாளிகைக்குக் கிடைத்த மின்வலு மிகச் சிறிது. அதனைக் கொண்டு கடைசி வாங்கில் இருந்தோருக்கும் வசனம் விளங்கச் செய்தல் கூம்பாலன்றி இயலாத காரியம்.

இனிக் கோயில் வீதிக்கு வருவோம். யாழ்ப்பாணத்துத் திருவிழாக்களில் ஒவ்வொரு நாளையும் ஒவ்வோர் உபயகாரர் ஏற்று நடத்துவது மரபு. எத்தனை கூட்டம் மேளம் என்பது அவர் பெருமைக்கு அளவுகோலாக இருந்தது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் எத்தனை ஒலிபெருக்கி என்பதும் அதனோடு சேர்ந்துகொண்டது. தென்னையிலும் பனையிலும் கட்டப்பெற்ற கூம்புகள் கோயில் வீதியை நோக்கியன சில. அயலூரை நோக்கியன பல. அடியார் வருமுன்னரே அதிகாலையிற் பக்திப்பாடல் எழுந்து ஊரைத் துயிலெழுப்பும். திருவிழாவைக் கண்ணாற் காண்பதற்கு முன் காதாற் கேட்பதே குடாநாட்டுப் பிள்ளைகளின் அனுபவமாயிற்று. அடுத்த ஊருக்குத் தேர் எப்போது இருப்புக்கு வந்தது என்பதையும் அக்கூம்பே அறிவித்தது.

அக்கூம்பு எத்தகையது? மழையும் வெயிலும் தாங்கவேண்டி உலோகத்தாற் செய்யப்பட்டு, நீளத்தைக் குறைப்பதற்காக ஒன்றனுள் ஒன்றாக மடிக்கப்பட்டது. வாயின் விட்டம் பதினெட்டங்குலம் எனக் கொள்வோம். மேற்கூறிய விதிப்படி அதன் சுற்றளவு 1.44 மீற்றர், அதற்கிசைந்த எல்லைச் சுரம் செக்கனுக்கு ஏறத்தாழ 243 அதிர்வு. அதற்குக் கீழுள்ளது எதுவும் அக்கூம்பால் ஒழுங்காக வெளிவராது. மனிதக் குரலுக்கு இதனாற் பெருங்கேடில்லை. ஆண்குரலின் அடிச்சுரம் இவ்வெல்லைக்குக் கீழே இருப்பினும், அதன் மேற்சுரங்கள் நிரலாக நிற்பதனாற் செவி விடுபட்ட அடியைத் தானே நிரப்பிக்கொள்ளும். தொலைபேசியிற் பேசுவோர் குரலை நாம் இனங்கண்டுகொள்வதும் இவ்வாறே. நாதசுரத்துக்கோ கூம்பு இயல்பான துணை. அதன் சட்சம் செக்கனுக்கு 300 அதிர்வை அடுத்து நிற்பது. அதற்கு மேலுள்ள வளமெல்லாம் கூம்பு நன்றாக ஒலிக்கும் பரப்பினுள்ளேயே அடங்குகின்றது. ஒரு கூம்பின் நாதத்தை மற்றொரு கூம்பு சுமந்தது எனலாம்.

தவிலின் நிலை வேறு. தவிலின் வலந்தலையை விரற்கூடு அணிந்த கையாலும், தொப்பி எனப்படும் மறுதலையைக் கம்பினாலும் வாசிப்பர். வலந்தலையின் கூரிய சொற்கள் கூம்பில் மிகத் தெளிவாக, சிலபோது மிகையான தெளிவோடும், கேட்கும். தொப்பியின் கனத்த நாதமோ பெரும்பாலும் கூம்பின் எல்லைக்குக் கீழே கிடப்பது. அஃது ஒலிபெருக்கியிற் புகுந்து வெறுந் தட்டோசையாக வெளிவந்தது. இணுவிலும் அளவெட்டியும் தவிலுக்கும் நாதசுரத்துக்கும் புகழ்பெற்ற ஊர்கள். தவில் மேதை வி. தட்சிணாமூர்த்தி (1933–1975) அவர்களும், நாதசுர வித்துவான் அளவெட்டி என். கே. பத்மநாதன் (1931–2003) அவர்களும் வாழ்ந்து வாசித்த காலமே கூம்பு கோயில் வீதிகளை ஆண்ட காலமும் ஆகும். அவர்களைச் சந்நிதியில் அருகிருந்து கேட்டோர் கேட்டது ஒன்று. வீதியின் அந்தத்திலும் வீட்டு முற்றத்திலும் நின்று கேட்டோர் கேட்டது வேறொன்று. தவில் இரைச்சல் மிக்க வாத்தியம், மென்மையற்றது என்று கூறுவோர் இன்றும் உளர். அவருட் பலர் தவிலைக் கேட்டாரல்லர். தவிலின் ஒருபாதியையே கேட்டார்.

இரைச்சலுக்கு மற்றொரு காரணமும் உண்டு. அம்பிளிபயர் எனப்படும் விரியலாக்கி தன் எல்லைக்கு மேல் முடுக்கப்படும்போது அலையின் தலையையும் காலையும் வெட்டிவிடும். வெட்டுண்ட அலை புதிய கூர்ஞ்சுரங்களைப் பிறப்பிக்கும். செவி மிக நுட்பமாக உணரும் பரப்பிலேயே கூம்பு வலிமையுடையதாதலின் அக்குற்றம் முழுவதும் வெளியே தெரியும். குற்றம் முடுக்கியவருடையது, பழியோ கூம்பினுடையது.

அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் கணக்கிடலாம். ஓர் உவாற்று மின்வலுவுக்கு ஒரு மீற்றர் தூரத்தில் 105 தெசிபெல் தரும் கூம்புக்கு 30 உவாற்றைக் கொடுத்தால் 120 தெசிபெல் ஆகும். தடையற்ற வெளியில் தூரம் இரட்டிக்குந்தோறும் ஆறு தெசிபெல் குறையும். 512 மீற்றர் தூரத்தில், ஒன்பது முறை இரட்டித்த பின், எஞ்சுவது 66. ஒரு மீற்றர் தூரத்தில் இருவர் உரையாடும் ஒலி ஏறத்தாழ 60. அரைக் கிலோமீற்றருக்கு மேல் ஓடிவந்த பாட்டு, பக்கத்திலிருப்பவர் பேச்சை நள்ளிரவிலும் மேவி நிற்கும் என்பது இதன் பொருள். பரீட்சைக்குப் படிக்கும் மாணவருக்கும் நோயாளருக்கும் இக்கணக்குத் தேவையில்லை. அவர்கள் அனுபவத்தால் அறிவர். இலங்கை உயர் நீதிமன்றம் 2007 நவம்பரில் வழங்கிய கட்டளையில், இரவு பத்து மணி தொடக்கம் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொலிசார் பொதுவாக அனுமதி வழங்கலாகாது எனவும், சிறப்பு வைபவங்களுக்கு வரையறுத்த விலக்களிக்கலாம் எனவும் விதித்தது. எச்சமயத்தாரையும் விலக்காத அக்கட்டளை காலத்துக்கு ஏற்றதே. திருப்பள்ளியெழுச்சி இறைவனுக்குரியது, அயலூரார் அனைவருக்கும் உரியதன்று.

போர்க்காலத்திற் கூம்பின் குரல் வேறுபட்டது. 1990களின் முற்பகுதியிற் குடாநாட்டிற் பொது மின்சாரம் இல்லை. பற்றரிகள் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் அடங்கின. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவில் எழுந்த மின்னிலே மக்கள் செய்தியும் பாட்டும் கேட்டனர். சைக்கிள் டைனமோ தருவது பொதுவாக ஆறு வோற்று, மூன்று உவாற்று. மூன்று உவாற்றில் நூற்றிலொரு பங்கை ஒலியாக்கும் கருவிக்கும் பத்திலொரு பங்கை ஒலியாக்கும் கருவிக்குமுள்ள வேற்றுமை, நூலிற் படிக்கும் வேற்றுமையன்று. சுற்றும் கை உணரும் வேற்றுமை. வலு அருகிய காலத்துக்கெனப் பிறந்தது கூம்பு என்பதனை இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்தைப் போல அறியக்கூடிய நிலையில் இருந்த ஊர்கள் மிகச் சில.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி மாலை, ஒலிபெருக்கி பூட்டிய வாகனங்கள் வலிகாமத்து வீதிகளிற் சென்று, மக்கள் உடனடியாக வெளியேற வேண்டுமென விடுதலைப் புலிகளின் அறிவிப்பைக் கூறின. அன்றிரவே இலட்சக்கணக்கான மக்கள் மழையினூடே தென்மராட்சி நோக்கி நடந்தனர். திருவிழாவுக்கு அழைத்த அதே வகைக் கூம்பு, வீட்டை விட்டுப் போகவும் சொல்லிற்று. அடிச்சுரம் வெட்டுண்ட, கூர்மை மிக்க அக்குரலை அன்று கேட்டோர், அதனை வேறெந்த ஒலியோடும் மாறாட்டம் செய்யமாட்டார். கூம்பு பேச்சினைத் தெளிவாகச் சேர்க்கும் என்று பொறியியலாளர் கூறும் சிறப்பு, அன்று அவ்வாறு பயன்பட்டது.

வீட்டுக்குக் கூம்பு மீண்ட கதை இனிக் கூறற்பாலது. இங்கிலாந்திற் போல் வோய்ற் என்பார் 1930களில் அறையின் மூலையில் நிற்கும் கூம்பொன்றை அமைத்தார். அமெரிக்காவிற் போல் கிளிப்ஸ் 1946 முதல் மூலைக்கூம்பை விற்பனைக்குச் செய்தார். அவர் பெயரால் அஃது இன்றும் செய்யப்படுகின்றது. இவர்கள் கண்ட உபாயம் எளியது. மூலையில் இரு சுவரும் தரையுமாக மூன்று பரப்புகள் கூடுகின்றன. அவை தாமே கூம்பின் தொடர்ச்சியாக நிற்பதால் வாயின் பரப்பு எட்டிலொன்றாகக் குறைந்தாலும் போதும். எட்டிலொன்று என்றால் மூன்று இரட்டிப்புக் குறைவு. அடிக்கோர் இரட்டிப்பு என்ற கணக்கிற் பன்னிரண்டே காலடிக் கூம்பு ஒன்பதே காலடியாகும். அதனை மடித்துப் பெட்டியினுள் வைத்தால் வாயிலால் உட்புகும். வீடே கூம்பாயிற்று!

எல்லா வீடும் ஆகாது என்பதே இங்குள்ள சிக்கல். பழைய யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் நடுமுற்றம் வானத்தை நோக்கித் திறந்திருக்கும். தாழ்வாரம் சுவரில்லாது முற்றத்தோடு கூடும். அங்கே தாழ்ந்த சுரம் தங்காது, மூலையும் முழுமூலையாகாது. ஆயினும் எதிரொலியின் தொல்லையும் இல்லை. கிடுகு வேய்ந்த கூரையும் கூர்ஞ்சுரங்களின் கடுமையைத் தணிக்கும். சீமெந்துச் சுவரும் தட்டுக்கூரையும் உடைய இக்காலத்து அறையில் நிலைமை எதிர்மாறானது. பன்னிரண்டடி நீள அறையிற் செக்கனுக்கு 48 அதிர்வை அடுத்த சுரம் இரு சுவருக்குமிடையே நின்று வீங்கும்; அறையின் நடுவே இருப்போருக்கு அது கேளாது, சுவரோரம் இருப்போருக்கு முழங்கும். ஆகவே கூம்பை அளப்போர் முதலிற் கூம்பைத் திறந்த வெளியில் வைத்து அளந்து அதன் இயல்பை அறிதல் வேண்டும். பின்னரே அறையினுள், கேட்போர் இருக்கும் இடத்தில், இருந்தவர் காதின் உயரத்தில் ஒலிவாங்கியை வைத்து அளத்தல் வேண்டும். முன்னது கூம்பின் குணம். பின்னது வீட்டின் குணம். இரண்டையும் பிரித்தறியாது கூம்பைத் திருத்தப் புகுவோர் வீட்டின் குற்றத்தைக் கூம்பிலே தேடுவர்.

தாழ்ந்த முதல் உயர்ந்த வரை தொடர்ந்து ஏறிச் செல்லும் ஒற்றைச் சுரத்தைப் பாய்ச்சி, ஒலிவாங்கி கேட்டதனைக் கணனியிற் பிரித்துப் பார்ப்பதே இக்கால முறை. அதனாற் சுரந்தோறும் ஒலியின் அளவு தெரிவதோடு, ஒவ்வொரு கூம்பின் ஒலியும் எப்போது வந்து சேர்ந்தது என்பதும் தெரியும். இரண்டாவதை முதலாவதிலும் முதன்மையாகக் கொள்ளல் தகும். ஹொலிவூட்டிலே 1930களின் நடுப்பகுதியில் நிகழ்ந்ததொன்றை இத்துறையார் எடுத்துக் கூறுவர். எலினர் பவல் என்னும் ஆடல் நடிகையின் பாதத் தட்டொலி படமாளிகையில் இரட்டையாகக் கேட்டது. தாழ்சுரக் கூம்பு உயர்சுரக் கூம்பிலும் பல அடி நீண்டிருந்தமையால் ஒரே தட்டின் இரு பகுதிகள் முன்பின்னாக வந்து சேர்ந்தன. அதனைக் கண்டு தாழ்சுரப் பாதையைக் குறுக்கி அமைத்ததே 1936இற் பாராட்டுப் பெற்ற ஷியரர் கூம்பு. மேலே கணக்கிட்ட ஒன்பதே காலடி மூலைக்கூம்போடு ஓரடி உயர்சுரக் கூம்பை இணைத்தாலும் அதுவே நிகழும்: எட்டேகாலடி வேற்றுமைக்கு ஏழு மில்லிசெக்கன் தாமதம். மிருதங்கத்தின் ஒரு சொல் கூர்மை முன்னும் கனம் பின்னுமாகப் பிளவுபடும். உயர்சுரக் கூம்பைப் பின்தள்ளி வைப்பது பழைய பரிகாரம்; இலக்கமுறையில் அதன் ஒலியைத் தாமதிப்பது புதிய பரிகாரம்.

தட்சிணாமூர்த்தி அவர்களின் வாசிப்பு ஒலிப்பதிவுகளில் இன்றும் கேட்கக் கிடைக்கின்றது. அப்பதிவுகளை இவ்வாறு அளந்து பொருத்திய அமைப்பிற் கேட்பது ஒரு பரீட்சையாகும். உயர்சுரத்தை மாத்திரம் ஒலிக்கும் சிறு கூம்பிற் கேட்டால் வலந்தலையின் சொற்கட்டு விரைந்து பொழிவது கேட்கும், கணக்கு வியப்பூட்டும், அவ்வளவே. தாழ்சுரக் கூம்பையோ, அஃது இயலாவிடிற் பெரிய கடதாசிக் கூட்டு ஒலிபெருக்கியையோ கீழே சேர்த்து, இரண்டின் வரவையும் ஒரே கணத்திற் பொருத்தினால், பதிவிலே பதிந்துள்ள அளவுக்குத் தொப்பி வெளிப்படும். கம்பு விழும் இடந்தோறும் நாதம் எழுந்து தணிந்து, வலந்தலையின் சொற்களுக்கிடையே மூச்சுவிடும் இடங்களைக் காட்டும். கோயில் வீதியின் அந்தத்தில் நின்றோருக்கு அந்நாளில் எட்டாமற்போன பாதி அது.